சராசரித் தமிழ் மனம்

மனிதன் செய்யும் காரியத்தில் பிறப்புக்கு எத்தனை பங்கு, வளர்ப்புக்கு எத்தனை பங்கு, அவனுக்கென்று மிச்சம் ஏதாவது உண்டா என்று உளவியல்காரர்கள் நூற்றைம்பது வருடம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டை கோயம்புத்தூரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு முடித்துவைக்கப்பட்டது. அதற்கென்று பந்தல் போட்டிருந்தார்கள். குத்துவிளக்கின் ஐந்து திரிகளை ஐந்து பிரமுகர்கள் ஏற்ற, ஆறாவது பிரமுகர் ஏதாவது ஒரு திரி அணையாதா என்று பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

சண்டையை முடித்துவைத்த கருவிக்கு அகமானி என்று பெயர். அழகு நிலையத்தில் தலைமுடி உலர்த்தும் கூண்டைப் போலிருக்கும். அதற்குள் தலையைக் கொடுத்துத் தொண்ணூற்றாறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மனதுக்கு மாறாகச் சொன்னால் நெற்றிக்கு மேலே மஞ்சள் விளக்கு எரியும். மூன்று தரம் எரிந்தால் சோதனை ரத்து. எரியாவிட்டால், நீங்கள் எடுத்த முடிவை மூன்றாகப் பிரித்து ஒரு சீட்டு வரும்: பிறப்பு இத்தனை, வளர்ப்பு இத்தனை, விருப்பம் இத்தனை. கூட்டினால் நூறு. நூறு வருகிறது என்பதே இதன் அறிவியல் தன்மைக்குச் சான்று என்று மையத்தின் இயக்குநர் திருமலைக்கொழுந்து அன்றைக்கு மேடையில் சொன்னார். அவருக்கு இரண்டு முனைவர் பட்டம். ஒன்று படித்து வாங்கியது, மற்றது மேடையில் வாங்கியது. அவர் அறை வாசல் பலகை 'முனைவர் முனைவர்' என்றுதான் ஆரம்பிக்கும்.

அரசாங்கம் சும்மா இருக்குமா? ஒருவர் சொந்த விருப்பத்தால் எடுக்காத முடிவுக்கு நாம் ஏன் முத்திரை குத்த வேண்டும் என்று யோசித்தது. உயில், மறுமணம், சிறுநீரக தானம், தத்து என்று நான்கு காரியங்களுக்கு அகமானிச் சான்றிதழ் கட்டாயமாயிற்று. விருப்பம் முப்பதுக்குக் கீழே போனால், அது உங்கள் முடிவே அல்ல. உங்களை வைத்து வேறு யாரோ எடுத்த முடிவு.

ஒன்பது வருடம் இப்படிப் போனபிறகு, திருப்பூரிலிருந்து கோகிலவாணி வந்தாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பனியன் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாகச் செக்கிங் பிரிவில் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றில்லை, அமையவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அரசு இல்லத்திலிருந்து மகிழா என்கிற இரண்டு வயதுக் குழந்தையைத் தற்காலிக வளர்ப்புக்குக் கூட்டிவந்தாள். இப்போது அதற்கு நான்கு வயது. கோகிலவாணியின் காதுமடலைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும். சாம்பாரில் முருங்கைக்காய் கிடந்தால் அழும், கிடக்காவிட்டாலும் அழும். தற்காலிகம் என்பதை நிரந்தரம் ஆக்க வேண்டுமானால் சான்றிதழ் வேண்டும். கோகிலவாணி ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரவேண்டும் என்ற விதிமுறைப்படி வந்து, கூண்டுக்குள் தலையைக் கொடுத்தாள்.

மஞ்சள் விளக்கு ஒருதரமும் எரியவில்லை. சீட்டு வந்தது. கருவியை இயக்குவதும் முடிவை விளக்குவதும் குழந்தைவேலு என்கிற ஒரே ஆளின் வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர், எதையும் மெதுவாகச் சொல்கிறவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

"பிறப்பு முப்பத்தொண்ணு. வளர்ப்பு அம்பத்தெட்டு. விருப்பம் பதினொண்ணுங்க."

"அப்படின்னா என்னங்க?"

"கொழந்தை வேணுங்கற முடிவுல உங்க பங்கு பதினொண்ணுதானுங்க. மீதி உங்கம்மா, சொந்தபந்தம், வளந்த வீதி, அப்பறம் ரத்தம்."

"அந்த மீதியெல்லாம் என்ற உடம்புக்குள்ளதானுங்களே இருக்குது?"

இருக்கிறது, ஆனால் உங்களுடையது இல்லை என்றார் குழந்தைவேலு. துறையில் வெகுகாலம் விவாதிக்கப்பட்ட கேள்விதான், இப்போது தீர்ந்துவிட்டது என்று பந்தல் போட்ட கதையையும் சொன்னார்.

"எங்கம்மா எதுத்த வீட்டுப் பொண்ணையும் சேத்தித்தானுங்க சோறு போட்டு வளத்துச்சு. அதப் பாத்து எனக்கு ஆசை வந்துச்சுன்னா, அது என்ற ஆசை இல்லீங்களா?"

"விதிப்படி அது உங்கம்மாவோட ஆசைங்க."

"அப்ப எங்கம்மா பேருக்கே தத்துக் குடுத்துருங்க."

அதற்கு வழி இருக்கிறதா என்று குழந்தைவேலு விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். அம்மா செத்து ஏழு வருடம் ஆயிற்று என்று கோகிலவாணி சொன்ன பிறகுதான் மூடினார்.

எதைக் கேட்டதில் இப்படிக் குறைந்தது என்று அவள் விடவில்லை. அவர் ஐந்தாம் கேள்வியைக் காட்டினார். முக்கியமான முடிவு எடுக்கும்முன் எத்தனை பேரிடம் கேட்பீர்கள் என்பது கேள்வி. கோகிலவாணி விரல்விட்டு எண்ணி ஆறு என்று சொல்லியிருந்தாள். அக்கா, அக்கா வீட்டுக்காரர், பக்கத்து வீட்டு மும்தாஜ், கம்பெனியில் இரண்டு பேர், ஜாதகம் பார்க்கிறவர். சராசரித் தமிழ் மனம் யாரையும் கேட்பதில்லை. அதேபோல, மாலையில் என்ன செய்யப் பிடிக்கும் என்பதற்கு நாலு பேரோடு பேசிக்கொண்டிருப்பது என்று சொல்லியிருந்தாள். சராசரித் தமிழ் மனம் மாலையில் தனியாக இருக்க விரும்புகிறது. சராசரியிலிருந்து எத்தனை தூரம் சொந்தபந்தத்தின் பக்கம் சாய்கிறோமோ, அத்தனையும் விருப்பத்தில் கழியும்.

"யாருங்க அந்தச் சராசரி?"

"ஒரு ஆள் இல்லீங்க. மூவாயிரத்து எரநூறு பேரு. ஈரோட்டுல இருந்து தூத்துக்குடி வரைக்கும் வீடு வீடாப் போய்க் கேட்டு எடுத்தது" என்றார் குழந்தைவேலு. அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

சான்றிதழ் இல்லாவிட்டால், அடுத்த மாதம் பதினான்காம் தேதி மகிழா பட்டியலில் அடுத்திருக்கும் ஓசூர் தம்பதிக்குப் போய்விடும். அவர்கள் விருப்பம் நாற்பத்தாறு.

அக்கா அமுதவல்லி அழுதாள். அக்கா வீட்டுக்காரர் சர்க்காரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்றார். மும்தாஜ், அந்தக் கூண்டை நாலு பேர் போய் உடைத்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்டாள். கம்பெனியில் ஒருவர் மேல்முறையீடு என்று ஒன்று உண்டு என்றார், இன்னொருவர் தகவல் கேட்கும் சட்டத்தில் அந்த மூவாயிரத்துச் சொச்சம் படிவங்களையும் பார்க்கக் கேள் என்றார். ஜாதகம் பார்க்கிறவர் மட்டும் நேரம் சரியில்லை என்றார்; அதற்கும் யாரிடமோ சான்று வாங்க வேண்டுமா என்று கோகிலவாணிக்குத் தோன்றிற்று.

மையம் முதலில், படிவங்கள் அறிவுச் சொத்து, காட்ட முடியாது என்று பதில் போட்டது. இரண்டாவது மனுவுக்கு, அப்படிப் படிவங்கள் எதுவும் இல்லை என்றது. இல்லாதது எப்படிச் சொத்து ஆகும் என்று மூன்றாவதாக எழுதியதற்கு, இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ள அனுமதி வந்தது. அதற்குள் அடுத்த மாதம் பிறந்து தேதி மூன்று ஆகியிருந்தது.

இரண்டாம் மாடியில் கழிவறைக்குப் பின்னால் ஓர் அறை. பதினோரு அட்டைப்பெட்டிகளைக் குழந்தைவேலுவே தூக்கிவந்து வைத்தார். மேற்பார்வைக்கு என்று அவரும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

செக்கிங் வேலை என்றால் இதுதான். ஆயிரம் பனியன் தைத்து வரும். ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, ஷேடு மாறினது என்று பார்த்துச் சீட்டில் குறிக்க வேண்டும். சோம்பேறிகள் பத்துப் பீஸ் பார்த்துவிட்டு, சாயங்காலம் மேஜையில் உட்கார்ந்து ஆயிரத்துக்கும் சீட்டை நிரப்பிவிடுவார்கள். அப்படி நிரப்பின சீட்டைக் கண்டுபிடிப்பதற்குத்தான் கோகிலவாணிக்குச் சம்பளம். நிஜமாகப் பார்த்து எழுதின சீட்டு அழுக்காக இருக்கும். எண்ணெய்க் கைரேகை இருக்கும். திங்கட்கிழமைச் சீட்டில் தப்பு அதிகம் இருக்கும், ஞாயிற்றுக்கிழமையின் போதை இறங்காமல் தைப்பதால். உட்கார்ந்து எழுதின சீட்டு மட்டும் எல்லாக் கிழமையும் ஒரே மாதிரி, வெள்ளையாக, அழகாக இருக்கும்.

முதல் பெட்டியில் முப்பது படிவம் புரட்டினாள். மூன்றாவது பெட்டியில் முப்பது, ஒன்பதாவதில் முப்பது. பிறகு ஜன்னல் பக்கம் போய் ஒன்றை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள். பழக்கம்.

"இத எழுதுனது யாருங்க?" என்று கேட்டாள்.

மக்கள் என்றார் குழந்தைவேலு.

புரட்டின தொண்ணூறு படிவத்தில் ஒன்றில்கூட டீ கொட்டவில்லை. ஒரு குழந்தையும் கிறுக்கவில்லை. இரண்டு கட்டத்திலும் டிக் போட்டவர் இல்லை, வயது என்று கேட்ட இடத்தில் போன் நம்பர் எழுதினவர் இல்லை. வயது கேட்டால் ஜனங்கள் நாற்பது என்பார்கள், நாற்பத்தைந்து என்பார்கள்; இதில் முப்பத்தேழு, நாற்பத்துமூன்று, ஐம்பத்திரண்டு என்று பஞ்சாங்கம் பார்த்துப் பிறந்த மாதிரி எழுதியிருக்கிறது. இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, குழந்தைவேலு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஏதோ பழைய நண்பர்களை விசாரிப்பது போலிருந்தது.

"மாலையில் தனியாக இருக்க விரும்புகிறீர்களா? இந்தக் கேள்விக்கு நான் பாத்த அத்தனையிலும் ஆமான்னு இருக்குது. தமிழ்நாட்டுல எந்த விசயத்துலீங்க இத்தனை பேரு ஒத்துப்போனாங்க?"

குழந்தைவேலு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மத்ததுலயெல்லாம் அங்கங்க மாத்தித்தானுங்க போட்டேன். அது மட்டும்... அப்ப ஹாஸ்டல் ரூம்ல நாங்க ஏழு பேருங்க."

அப்போது அவருக்கு இருபத்தாறு வயது. திருமலைக்கொழுந்திடம் ஆராய்ச்சி மாணவர். வழிகாட்டி என்றால் அவர் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப்போவதும், அவர் மகளுக்கு வீட்டுப்பாடம் எழுதுவதும் சேர்த்துத்தான். வெளிநாட்டு மாநாட்டில் தமிழ் மனத்தைப் பற்றிப் பேச வழிகாட்டிக்கு அழைப்பு வந்துவிட்டது, தமிழ் மனம்தான் கைவசம் இல்லை. பன்னிரண்டு நாளில் வேண்டும் என்றார். எப்படி என்று இவர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஊரில் அப்பா பெண் பார்த்து வைத்துக்கொண்டு வா வா என்று நச்சரித்த நேரம். மாமன்கள் நாலு பேர் ஆளுக்கொரு யோசனை சொன்ன நேரம். யாரும் வேண்டாம், என்னை விட்டால் போதும் என்று அவர் மனதில் இருந்ததெல்லாம் ஈரோட்டுக் குடும்பத்தலைவியாகவும் தூத்துக்குடி மீனவராகவும் படிவத்தில் ஏறிற்று.

"பன்னெண்டு நாளும் ராப்பகல் எழுதுனேனுங்க. கை வீங்கிருச்சு. இதை வெச்சு மெசினே செய்வாங்கன்னு எனக்கு என்னங்க தெரியும்?"

கோகிலவாணிக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மாமன்மேல் கோபத்தில் இருந்த ஒரு ஹாஸ்டல் பையனைப் போல இல்லை என்பதற்காக, தன் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள். ஆனால் கத்தினால் கிடைக்கிற ஒரே சாட்சியும் போய்விடும். மேல்முறையீட்டுக் குழுவில் வந்து இதைச் சொல்வீர்களா என்று மட்டும் கேட்டாள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மறுநாள் போன் பண்ணினார். அவர் மனைவி இந்திராணி, சொல்லாவிட்டால் வீட்டுக்கு வர வேண்டாம் என்றுவிட்டாளாம்.

மேல்முறையீட்டுக் குழு எட்டாம் தேதி கூடியது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைவர், குழந்தைகள் நலத்துறை அதிகாரி ஓர் அம்மாள், மூன்றாவது உறுப்பினர் திருமலைக்கொழுந்து. தன்மேல் வரும் புகாரைத் தானே விசாரிப்பதில் அவருக்கு ஒன்பது வருட அனுபவம் இருந்தது. இதுவரை ஒருதரமும் தன்னைக் குற்றவாளி என்று அவர் கண்டதில்லை.

குழந்தைவேலு எழுந்து நின்று சொல்லிவிட்டார். நான்தானுங்க எழுதினேன், அத்தனையும் நான்தான், சராசரித் தமிழ் மனம் என்பது என் மனம்தான், அதுவும் இப்போதைய மனம் இல்லை என்றார்.

திருமலைக்கொழுந்து கோபப்படவில்லை. கையிரண்டையும் கோத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"தனிமனிதனை ஆராய்வதா, பொதுவிதியைத் தேடுவதா என்பது எங்கள் துறையில் தீராத விவாதம். இந்த அலுவலர் உணர்ச்சிவசப்பட்டு அதைக் கிளப்புகிறார். விவாதம் வேண்டாம், அறிவியலிடமே கேட்டுவிடுவோம். படிவங்கள் இவருடைய மனம்தான் என்றால், இவரை அளந்தால் விருப்பம் உச்சத்துக்குப் போக வேண்டும் அல்லவா?"

நீதிபதிக்கு அது நியாயமாகப் பட்டது. குழந்தைவேலுவை அவருடைய கருவியிலேயே உட்காரவைத்தார்கள். ஐந்தாம் கேள்விக்கு, எதுவானாலும் வீட்டில் கேட்டுத்தான் செய்வேன் என்றார். மாலையில் தனியாக இருக்க விரும்புகிறீர்களா என்பதற்கு, இந்திராணி ஊருக்குப் போனால் சோறு இறங்காது என்றார். மஞ்சள் விளக்கு எரியவே இல்லை. சீட்டு வந்தது. விருப்பம் ஒன்பது.

"ஆகவே அந்தப் படிவங்களை இவர் நிரப்பியிருக்க வாய்ப்பே இல்லை. நிரூபணமாகிவிட்டது" என்றார் திருமலைக்கொழுந்து.

"அப்ப எனக்குக் கல்யாணம் ஆகலீங்க" என்றார் குழந்தைவேலு. அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

கோகிலவாணி எழுந்து, கம்பெனியில் பொய்ச் சீட்டு ஒன்று பிடிபட்டால் அந்த லாட்டு முழுவதையும் பிரித்து மறுபடி பார்ப்போம், கப்பல் ஏறிவிட்டிருந்தாலும் திருப்பி அழைப்போம் என்றாள். நீதிபதி கேட்டுக்கொண்டார். இதுவரை எத்தனை சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள் என்று திருமலைக்கொழுந்திடம் விசாரித்தார். இரண்டு லட்சத்துப் பதினான்காயிரம் என்று பதில் வந்தது. நீதிபதி திறந்து வைத்திருந்த பேனாவை மூடினார். அவர் தம்பியின் மறுமணம் அதில் ஒன்று.

"அம்மா, உன் பக்கம் நியாயம் இருக்கு. அதான் பிரச்சினையே. நியாயம் இல்லேன்னா ஒரு நிமிசத்துல முடிச்சிருப்பேன்" என்றார்.

பிறகு, கருணை அடிப்படையில் பதின்மூன்றாம் தேதி ஒரு மறு அளவீடு என்று உத்தரவு எழுதினார். அதே கருவி, அதே கேள்விகள், அதே சராசரி.

ஞாயிற்றுக்கிழமை அமுதவல்லி வீட்டில் எல்லோரும் கூடினார்கள். குழந்தைவேலுவும் இந்திராணியும் கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். அவர் தன் இருபத்தாறு வயதை ஞாபகப்படுத்தித் தொண்ணூற்றாறு பதில்களையும் ஒப்பித்தார். பல பதில்களுக்கு இந்திராணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோகிலவாணி மனப்பாடம் செய்துவிட்டாள். பதில் தெரிந்து என்ன பிரயோசனம், மனதில் இல்லாததைச் சொன்னால் விளக்கு எரியுமே என்று அமுதவல்லி கேட்டாள். மகிழா அப்போது சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே ஒளிந்துகொண்டு, யாராவது தேடுகிறார்களா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வழி சொன்னது இந்திராணிதான்.

"பொய் சொல்லாதீங்க. நெசமாவே எல்லாரையும் வெறுத்துட்டுப் போயி உக்காருங்க. அதுக்கு ஒண்ணும் சாமியாராப் போக வேண்டாம். அன்னிக்குக் காலைல ஒம்போது மணிக்கே மையத்துக்குப் போயி, மறு அளவீட்டுக்கு என்னென்ன சீல் வேணும்னு கேளுங்க. போதும்."

பதின்மூன்றாம் தேதி கோகிலவாணி ஒன்பது மணிக்குப் போனாள். மூன்றாம் ஜன்னலில், ஏழாம் ஜன்னல் கையெழுத்து இருந்தால்தான் சீல் வைப்போம் என்றார்கள். ஏழாம் ஜன்னலில், சீல் இல்லாமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் இல்லை என்றார்கள். போட்டோ பழையது என்றார்கள், புதிதாக எடுத்துக்கொண்டு வந்தபோது பழைய போட்டோவோடு முகம் ஒத்துப்போகவில்லை என்றார்கள். சர்வர் வேலை செய்யவில்லை. வேலை செய்தபோது சாப்பாட்டு நேரம். அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணி நான் அப்போதே சொன்னேன் என்றார். அக்கா போன் பண்ணி அழுதாள். மும்தாஜ் என்ன ஆயிற்று என்று நான்கு தரம் கேட்டாள். ஜாதகக்காரர் இரண்டரைக்கு மேல் நல்ல நேரம் என்றார். கம்பெனியிலிருந்து, நாளைக்காவது வருவீர்களா என்று கேட்டார்கள். மகிழா போனைப் பிடுங்கி, நீ ஏன் வரலை, நீ ஏன் வரலை என்று கத்திற்று. மூன்று மணிக்கு அவள் கூண்டுக்குள் தலையை நுழைத்தபோது, அந்த இருட்டும் இரைச்சலும்கூடச் சுகமாக இருந்தது.

முடிவெடுக்கும்முன் எத்தனை பேரைக் கேட்பீர்கள்? ஒருவரையும் இல்லை. விளக்கு எரியவில்லை. மாலையில் தனியாக இருக்க விரும்புகிறீர்களா? ஆமாம், ஆமாம். எரியவில்லை. உங்கள் உறவினர்கள் உங்களைப் புரிந்துகொள்கிறார்களா? இல்லை. தொண்ணூற்றைந்து கேள்வி வரைக்கும் தடங்கலில்லாமல் வந்தது. கருவியின் பக்கத்தில் நின்ற குழந்தைவேலு அவள் முகத்தைப் பார்க்காமல் பொத்தானை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூற்றாறாவது கேள்வி, எந்த முடிவுக்காக வந்திருக்கிறோமோ அதைப் பற்றியது. அவளுக்குப் போன தடவை வந்ததே வந்தது: இந்தக் குழந்தை இல்லாமல் உங்களால் வாழ முடியுமா?

மனப்பாடம் செய்த பதில் 'முடியும்' என்பது. இந்த ஓர் இடத்தில் விளக்கு நிச்சயம் எரியும், ஒருதரம் எரிந்தால் பாதகமில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே எல்லோரும் பேசித் தீர்மானித்திருந்தார்கள்.

"முடியும்" என்றாள்.

எரியவில்லை.

கோகிலவாணி கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். முடிந்துவிட்டதுங்க, எழுந்திருங்க என்று குழந்தைவேலு இரண்டு தரம் சொன்னார். பல்பு கெட்டிருக்குமோ என்று கேட்டாள். அவர் பரிசோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டினார். மஞ்சளாகப் பளிச்சென்று எரிந்தது.

விருப்பம் எழுபத்துநான்கு. மாநிலத்தில் இதுவரை யாரும் வாங்காதது.

திருமலைக்கொழுந்தே அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். டீ வந்தது. அவர் மேஜையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று சான்றிதழ். மற்றது ஓர் ஒப்புதல் கடிதம். பழைய படிவங்களைப் பற்றி இனி யாரும் மனுப் போட்டுக் கேட்டால் தொந்தரவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பதினோரு பெட்டிகளும் நேற்றே கரையானுக்கு இரையாகிவிட்டன என்றார், வருத்தத்துடன். ஆகவே புதிய அடிப்படை ஒன்று தேவை. நிஜமான, உயிருள்ள, தன் விருப்பத்தில் உறுதியான ஒரு தமிழ் மனம். இன்று மாலை மூன்று மணிக்குக் கூண்டுக்குள் இருந்த அந்த மனத்தை அப்படியே எடுத்துக்கொள்ளப் போகிறார். திங்கட்கிழமையிலிருந்து எல்லோரையும் அதை வைத்து அளப்பார்கள்.

"அது என்ற மனசே இல்லீங்க" என்றாள் கோகிலவாணி.

"விளக்கு எரியவில்லையே" என்றார் திருமலைக்கொழுந்து.

கடிதத்தில் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, முழுக்க முழுக்க உங்கள் விருப்பம், ஆனால் இரண்டு தாளும் ஒரே கோப்பில் இருப்பதால் சேர்ந்துதான் வெளியே போக முடியும் என்றார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே முக்கால். அலுவலகம் ஐந்துக்கு மூடும். நாளை பதினான்கு.

யாரையாவது ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. போனை எடுத்தாள், அமுதவல்லியின் பெயர்வரைக்கும் போனாள், வைத்துவிட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் அமுதவல்லி மகிழாவைக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருந்தாள். குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. கோகிலவாணி தூக்கிக்கொண்டாள், அது காதுமடலைத் தேடியபோது முகத்தைச் சற்று நகர்த்தி, பிறகு கொடுத்தாள்.

பெஞ்சில் ஓர் அம்மாள் மனுவோடு உட்கார்ந்திருந்தாள். பல்லடத்துப் பக்கமாம். தங்கை விபத்தில் போய்விட்டாளாம், தங்கை பையனைத் தத்து எடுக்க வந்திருக்கிறாளாம். சோதனை திங்கட்கிழமை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். உள்ளே எப்படிங்க இருந்தது, பயமாக இருந்ததா என்று கேட்டாள்.

கோகிலவாணி அக்காவை முன்னால் போகச் சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தி ஐந்தாம் கேள்வியைச் சொன்னாள், மாலை நேரக் கேள்வியைச் சொன்னாள். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள்.

"கடைசிக் கேள்விக்கு, பையன் இல்லாம வாழ முடியும்னு சொல்லோணும். சொன்னா மட்டும் பத்தாது, அந்த நிமிசம் அப்படித் தோணோணும்."

அந்த அம்மாள் அவளையும் அவள் தோளில் கிடந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதுக்கு எங்க வீட்டுக்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தானுங்க சொல்லோணும்" என்றாள்.